கேள்வி – பதில்: லென்ஸின் முதன்மை அச்சும் சுழலும் பொருளின் முதன்மை அச்சும்

ஒளியியலில் வரும் முதன்மை அச்சைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சிலர் அதே பெயரில் இயக்கவியலில் வரும் அச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் பின்பகுதியில் வருகின்றன.

கேள்வி: ஆடி முனையையும் வளைவு மையத்தையும் இணைக்கும் நேர்கோடுதான் முதன்மை அச்சு என்று பாடத்தில் படித்தேன். ஆடியின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதை வளைவு மையத்தோடு இணைத்து ஒரு கோடு போடலாமே. இந்த ஒரு கோட்டுக்கு மட்டும் ஏன் முதன்மை?

கோள ஆடி என்பது உள்ளீடற்ற ஒரு கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அந்தக் கோளத்தின் மையமே வளைவு மையம், அதன் ஆரமே வளைவு ஆரம். மையத்திலிருந்து எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அது பரப்பைச் செங்குத்தாகவே சந்திக்கும். அந்தக் கோட்டின் வழியே போகும் கதிர் ஆடியில் பட்டு வந்த வழியே திரும்பிவிடும். இந்த அளவில் எல்லாக் கோடுகளும் சமம்தான். கோளம் முழுதாக இருந்திருந்தால் அதற்கு முதன்மை அச்சு என்ற ஒன்றே இருக்காது.

வெட்டிய பிறகுதான் வேறுபாடு பிறக்கிறது. துண்டுக்கு ஒரு வட்ட விளிம்பு வந்துவிட்டது, அதனால் ஒரு நடுப்புள்ளியும் வந்துவிட்டது. அந்த நடுப்புள்ளியே ஆடி முனை. ஆடி முனை, வளைவு மையம் இரண்டின் வழியாகவும் போகும் கோட்டைச் சுற்றி ஆடியை எவ்வளவு திருப்பினாலும் அதன் தோற்றம் மாறாது. வேறெந்தக் கோட்டைச் சுற்றித் திருப்பினாலும் விளிம்பு இடம் மாறிவிடும். முதன்மை என்பதற்கு இந்தச் சமச்சீர்மையே காரணம். வளைவு மையம் வழியாகப் போகும் மற்றக் கோடுகள் துணை அச்சுகள். ஒரு துணை அச்சுக்கு இணையாக வரும் கற்றை அந்தத் துணை அச்சின் மேலேயே குவியும்.

லென்ஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதற்கு இரண்டு பரப்புகள், ஆகவே இரண்டு வளைவு மையங்கள். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், வளைந்த பக்கத்தின் மையத்திலிருந்து தட்டைப் பக்கத்துக்கு வரையும் செங்குத்துக்கோடுதான் அச்சு. கண்ணாடித் துண்டின் நடுப்பகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. லென்ஸின் ஓரத்திலிருந்து ஒரு சில்லை வெட்டியெடுத்தால், அந்தச் சில்லின் முதன்மை அச்சு கண்ணாடிக்கு வெளியே, வெற்றுவெளியில்கூடப் போகலாம்.

கேள்வி: முதன்மை அச்சு வழியே போகும் கதிர் விலகாது. ஒளியியல் மையம் வழியே போகும் கதிரும் விலகாது. இரண்டும் ஒரே காரணத்தாலா?

இல்லை. அச்சு வழியே போகும் கதிர் இரண்டு பரப்புகளையும் செங்குத்தாகச் சந்திக்கிறது. படுகோணம் சுழி, எனவே ஒளிவிலகலே நடப்பதில்லை. லென்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இது துல்லியமாக உண்மை.

ஒளியியல் மையம் என்பது முதன்மை அச்சின் மேல் உள்ள ஒரு புள்ளி. அதன் வழியாகச் சாய்வாகப் போகும் கதிர் இரண்டு பரப்புகளிலும் விலகவே செய்கிறது. அது நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பரப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால், முதல் விலகலை இரண்டாவது சரிசெய்துவிடுகிறது. கதிர் அதே திசையில் வெளிவரும், ஆனால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். நடுவில் 5 மி.மீ. தடிமனும் 1.5 ஒளிவிலகல் எண்ணும் உள்ள லென்ஸில் 10 டிகிரி படுகோணத்தில் நுழையும் கதிருக்கு இந்த நகர்வு ஏறக்குறைய 0.3 மி.மீ. மெல்லிய லென்ஸ் என்று வைத்துக்கொண்டு வரையும்போது இதை விட்டுவிடுகிறோம். தடிமனான லென்ஸுக்கு அப்படி விட முடியாது.

கேள்வி: குழி ஆடியின் குவியத் தொலைவு வளைவு ஆரத்தில் பாதி என்று கணக்குப் போடுகிறோம். ஆய்வகத்தில் பெரிய ஆடியை வைத்துப் பார்த்தால் குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல் மங்கலான திட்டாகத் தெரிகிறது. ஆடியில் குறையா?

ஆடியில் குறையில்லை. "பாதி ஆரம்" என்பது அச்சை ஒட்டி வரும் கதிர்களுக்கு மட்டுமே பொருந்தும் விதி. பாடநூல் படங்களில் ஆடியின் விளிம்பு வரை கதிர்களை இழுத்து எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடுவதால் இந்த நிபந்தனை கண்ணில் படாமலே போகிறது. இது வருத்தத்துக்குரிய விஷயம், ஏனென்றால் காரணத்தை ஒரே முக்கோணத்தில் காட்டிவிடலாம்.

அச்சுக்கு இணையாக வரும் ஒரு கதிர் ஆடியில் படும் புள்ளியைக் குறியுங்கள். அதை வளைவு மையத்தோடு சேருங்கள். எதிரொளித்த கதிர் அச்சை வெட்டும் இடத்தையும் குறியுங்கள். இந்த மூன்று புள்ளிகளும் ஒரு இருசமபக்க முக்கோணம். அதன் அடிப்பக்கம் வளைவு ஆரம். இரண்டு சம பக்கங்களும் சேர்ந்து அடிப்பக்கத்தைவிட நீளமாக இருந்தாக வேண்டும், ஆகவே ஒவ்வொன்றும் பாதி ஆரத்தைவிடப் பெரிது. வளைவு மையத்திலிருந்து கதிர் வெட்டும் இடம் பாதி ஆரத்தைவிடத் தள்ளிப்போகிறது என்றால், ஆடி முனைக்கு அது நெருங்கி வருகிறது என்று பொருள். அச்சிலிருந்து எவ்வளவு விலகி வருகிறதோ அவ்வளவுக்குக் கதிர் முன்னதாகவே வெட்டும்.

எண்களில் பார்ப்போம். வளைவு ஆரம் 40 செ.மீ. உள்ள ஆடிக்கு எதிர்பார்க்கும் குவியத் தொலைவு 20 செ.மீ. அச்சிலிருந்து 3.5 செ.மீ. தள்ளி வரும் கதிர் ஆடி முனையிலிருந்து 19.92 செ.மீ. தொலைவில் அச்சை வெட்டுகிறது. 10.4 செ.மீ. தள்ளி வந்தால் 19.29 செ.மீ. 20 செ.மீ. தள்ளி வந்தால் 16.9 செ.மீ. 34.6 செ.மீ. தள்ளி வரும் கதிர், அவ்வளவு ஆழமான ஆடி இருந்தால், ஆடி முனையிலேயே போய் விழும். இதுதான் கோளப் பிறழ்ச்சி. நீங்கள் பார்த்த மங்கலான திட்டும் இதனால் வந்ததே.

ஆய்வகத்தில் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது. கறுப்புத் தாளில் 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வெட்டி, துளையின் நடு ஆடி முனைக்கு நேராக வரும்படி ஆடியை மூடுங்கள். பிம்பத்தின் ஒளி குறைந்தாலும் அது கூர்மையாகும். பிறகு எதிர்மாறாக, நடுப்பகுதியை ஒரு வட்டத் தாளால் மறைத்து ஓரத்தை மட்டும் திறந்துவையுங்கள். திரையை ஆடியை நோக்கி நகர்த்தினால்தான் பிம்பம் தெளியும். இரண்டு அளவீடுகளையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே ஒரு குவியத் தொலைவை எழுதுவதைவிட இதில் கற்பது அதிகம். சூரிய ஒளியை நேரே ஆடியில் குவித்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். தாள் எரியும், குவியத்தருகே கண் வந்தால் பார்வை போகும். தொலைவில் உள்ள விளக்கோ வெளிச்சமான சன்னலோ போதும்.

பரவளைய ஆடிக்கு மாறினால் அச்சுக்கு இணையான கதிர்கள் அனைத்தும், ஓரத்தில் வருபவைகூட, ஒரே புள்ளியில் குவிகின்றன. அதற்கு ஒரு விலை உண்டு. பரவளையத்துக்கு உண்மையிலேயே ஒரே ஓர் அச்சுதான். கற்றை சற்றுச் சாய்ந்து வந்தாலே பிம்பத்துக்கு வால் முளைத்துவிடும். கோளத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான் என்ற பண்பு சில இடங்களில் இதனாலேயே கைகொடுக்கிறது. புவெர்ட்டோ ரிக்கோவில் 1963 முதல் இயங்கிய அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் 305 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் கோள வடிவில் அமைந்தது. தரையோடு பதித்த அந்தக் கிண்ணத்தைத் திருப்ப முடியாது. மேலே தொங்கிய ஏற்பியை நகர்த்தி, உச்சியிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி வரை சாய்ந்த திசைகளையும் அதனால் பார்க்க முடிந்தது. குவியம் புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக நீண்டதால், நீளமான ஏற்பியையும் பின்னாளில் திருத்தும் துணை ஆடிகளையும் பயன்படுத்தினார்கள். 2020 டிசம்பரில் ஏற்பி மேடை அறுந்து விழுந்து கிண்ணம் அழிந்தது.

கேள்வி: ஒளியியல் பெஞ்சில் லென்ஸைப் பொருத்தும்போது முதன்மை அச்சு பெஞ்சுக்கு இணையாக இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது? கண்ணளவில் நேராகத்தான் தெரிகிறது, ஆனால் அளவீடுகள் ஒத்துவருவதில்லை.

கண்ணளவு இங்கே போதாது. லென்ஸில் இரண்டு தவறுகள் தனித்தனியாக நேரலாம்: லென்ஸ் மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம், அல்லது சரியான இடத்தில் இருந்துகொண்டே சாய்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும் வழி வேறு. ஒரு சிறிய லேசர் சுட்டி இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதை மட்டுமே எடுங்கள். கற்றை யாருடைய கண் மட்டத்திலும் இருக்கக் கூடாது. கண்ணாடிப் பரப்பிலிருந்து திரும்பும் ஒளிக்கும் இது பொருந்தும்.

முதலில் லென்ஸ் இல்லாமல் லேசரைப் பெஞ்சின் ஒரு முனையில் பொருத்துங்கள். திரையைப் பெஞ்சின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஒளிப்புள்ளி திரையில் இடம் மாறாமல் இருக்க வேண்டும். இடம் மாறினால் லேசரே பெஞ்சுக்கு இணையாக இல்லை, அதைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். புள்ளி நிலையாக நின்றதும், லென்ஸ் வரப்போகும் இடத்திலிருந்து 1 மீட்டர் தள்ளித் திரையை வைத்து அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது லென்ஸை வையுங்கள். குவியத் தொலைவு 20 செ.மீ. என்று கொண்டால், லென்ஸ் 1 மி.மீ. விலகியிருந்தாலே திரையில் ஒளி 5 மி.மீ. நகரும். ஒளிப்புள்ளி கொஞ்சம் விரிந்து வட்டமாகத் தெரியும், அதன் நடுவைக் கணக்கில் எடுங்கள். நடு பென்சில் குறிக்குத் திரும்பும் வரை லென்ஸை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள், திரையில் ஒளி கிட்டத்தட்ட அசையாது. கற்றை ஒளியியல் மையம் வழியாகப் போவதே அதற்குக் காரணம். சாய்வைக் காட்டிக்கொடுப்பது எதிரொளிப்புதான். அட்டை ஒன்றில் 2 மி.மீ. துளையிட்டு, லேசர் கற்றை துளை வழியாகப் போகும்படி லென்ஸுக்கு 15 அல்லது 20 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அறையை இருட்டாக்கினால் அட்டையின் மேல் மங்கலான இரண்டு ஒளித்திட்டுகள் தெரியும், ஒன்று முன்பரப்பிலிருந்து, மற்றது பின்பரப்பிலிருந்து. இரண்டும் துளையைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும்வரை லென்ஸைத் திருப்புங்கள். அப்போது கற்றை இரண்டு பரப்புகளையும் செங்குத்தாகச் சந்திக்கிறது, அதாவது லேசர் முதன்மை அச்சின் மேலேயே போகிறது. சாய்வைத் திருத்தும்போது லென்ஸ் சற்று நகர்ந்திருக்கும், ஆகவே திரைக் குறியை மறுபடி சரிபாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் ஒன்றுபடும்.

சாய்வைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள மெல்லிய லென்ஸை நிலைக்குத்தான தண்டைச் சுற்றி 10 டிகிரி திருப்பிவைத்துத் தொலைவில் உள்ள சன்னல் கம்பிகளைத் திரையில் பிடித்தால், நெடுக்குக் கம்பிகள் 19.2 செ.மீ. தொலைவிலும் குறுக்குக் கம்பிகள் 19.8 செ.மீ. தொலைவிலும் தெளிவாகத் தெரியும். 20 டிகிரி சாய்வில் இவை 17 செ.மீ., 19.25 செ.மீ. என்று விலகிப்போகும். "எது கூர்மையான பிம்பம்" என்று ஆளுக்கொரு அளவு சொல்வது பெரும்பாலும் இதனால்தான். கம்பிகளில் ஒரு வகை தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் தெரிந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று உடனே முடிவுக்கு வரலாம்.

கேள்வி: குவி லென்ஸைப் பாதியாக வெட்டினால் குவியத் தொலைவு மாறுமா? போட்டித் தேர்வில் இரண்டு விதமான விடைகள் பார்த்தேன்.

எப்படி வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. முதன்மை அச்சு வெட்டும் தளத்திலேயே கிடக்கும்படி மேல்பாதி, கீழ்ப்பாதி என்று வெட்டினால் குவியத் தொலைவு மாறாது. வளைவுகள் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. பிம்பம் முழுதாகவே விழும், ஒளி மட்டும் பாதியாகும். அச்சும் பழைய இடத்திலேயே இருக்கிறது, அதாவது ஒவ்வொரு பாதியின் வெட்டு விளிம்பில். இரண்டு பாதிகளையும் 2 மி.மீ. விலக்கி நிறுத்தினால் இரண்டு அச்சுகளும் 2 மி.மீ. விலகும், ஒரே பொருளுக்கு இரண்டு பிம்பங்கள் கிடைக்கும். பாதி லென்ஸின் நடுவே புதிய அச்சு வரைந்து கணக்குப் போடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

அச்சுக்குச் செங்குத்தாக வெட்டி, சமமான இருபுறக் குவி லென்ஸை இரண்டு தட்டைக்குவி லென்ஸ்களாக ஆக்கினால், ஒவ்வொன்றிலும் ஒரு வளைவுதான் மிச்சம். திறன் பாதி, குவியத் தொலைவு இருமடங்கு.

கேள்வி: புதிய மூக்குக் கண்ணாடி போட்டதும் தலைவலி வருகிறது. திறன் சரியாகத்தான் இருக்கிறதாம். "மையம் தள்ளியிருக்கலாம்" என்றார்கள். எந்த மையம்?

லென்ஸின் முதன்மை அச்சு கண்ணாடியைக் கடக்கும் இடம். அது கண்மணிக்கு நேராக வர வேண்டும். தள்ளியிருந்தால் நீங்கள் பார்ப்பது லென்ஸின் ஓரப்பகுதி வழியாக, அது பட்டகம் போல ஒளியை வளைக்கும். கணக்கு எளிது: எத்தனை செ.மீ. தள்ளியிருக்கிறதோ அதை டையாப்டரில் சொல்லும் லென்ஸ் திறனால் பெருக்கினால், 1 மீட்டர் தொலைவில் காட்சி எத்தனை செ.மீ. நகர்கிறது என்பது கிடைக்கும். 5 டையாப்டர் லென்ஸ் 4 மி.மீ. தள்ளியிருந்தால் 2 செ.மீ. இரண்டு கண்ணுக்கும் எதிரெதிர்த் திசையில் அவ்வளவு தள்ளியிருந்தால் மொத்தம் 4 செ.மீ. கண்தசைகள் நாள் முழுவதும் இதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லென்ஸ் மற்றதைவிட மேலே ஏறியிருந்தால் சிரமம் இன்னும் அதிகம். மேல்கீழ் வேறுபாட்டைக் கண்களால் மிகக் குறைவாகவே சமாளிக்க முடியும். அரை டையாப்டர் லென்ஸில் இதே 4 மி.மீ. பிழை வெறும் 2 மி.மீ. நகர்வுதான், யாருக்கும் தெரியாது. திறன் கூடக்கூடத்தான் இது தொல்லை.

நீங்களே பார்க்கலாம். வெள்ளைத் தாளில் கூட்டல் குறிபோல இரண்டு நீண்ட கோடுகள் வரைந்து, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கண்ணாடியைப் பிடித்து, நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் உடையாமல் தொடர்ச்சியாக இணையும் நிலைக்குக் கண்ணாடியை நகர்த்துங்கள். குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் லென்ஸின் மேல் ஒரு மைப்புள்ளி வையுங்கள். மற்ற லென்ஸுக்கும் அப்படியே. சிலிண்டர் திறன் உள்ள (திசைக்குத் திசை திறன் வேறுபடும்) லென்ஸில் கோடுகள் சாய்ந்து தெரிந்தால் கண்ணாடியைத் திருப்பி நேராக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம், மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும் கண்மணி இடைத்தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மி.மீ. அளவில் இருக்கும். ப்ரோக்ரஸிவ் லென்ஸுக்கு (மேலிருந்து கீழாகத் திறன் படிப்படியாக மாறும் லென்ஸ்) இந்தச் சோதனை பொருந்தாது.

புள்ளிகள் கண்மணிக்குச் சில மி.மீ. கீழே இருந்தால் பதற வேண்டாம். சட்டத்தின் கீழ்ப்பகுதி கன்னத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருப்பதால், லென்ஸின் அச்சு கண் உருளும் மையத்தின் வழியாகப் போவதற்காக, ஒவ்வொரு 2 டிகிரி சாய்வுக்கும் 1 மி.மீ. வீதம் மையத்தைத் தாழ்த்துவது சரியான வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

கேள்வி: குறியீட்டு மரபில் எந்தத் தொலைவுக்கு எதிர்க்குறி என்று எப்போதும் குழம்புகிறேன்.

முதன்மை அச்சை எண்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி முனை (லென்ஸானால் ஒளியியல் மையம்) சுழி. ஒளி வரும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. அச்சுக்கு மேலே உயரம் நேர்க்குறி, கீழே எதிர்க்குறி. தெரிந்த அளவுகளுக்கு மட்டும் குறி போடுங்கள். தேடும் அளவுக்கு முன்கூட்டியே குறி போட்டுவிடுவதில்தான் பாதிப் பிழைகள் நேர்கின்றன, விடை தன் குறியைத் தானே கொண்டுவரும். குழி ஆடிக்குக் குவியத் தொலைவு –15, பொருள் தொலைவு –20 என்றால் பிம்பத் தொலைவு –60 செ.மீ., உருப்பெருக்கம் –3. பிம்பம் ஆடிக்கு முன்னால், தலைகீழாக, 3 மடங்கு பெரிதாக விழும்.

கேள்வி: கால்சைட் படிகத்தின் "ஒளியியல் அச்சு" என்பதும் முதன்மை அச்சுதானா?

இல்லை. லென்ஸின் அச்சு இடம் குறிக்கப்பட்ட ஒரு கோடு, படிகத்தின் ஒளியியல் அச்சு ஒரு திசை மட்டுமே. அந்தத் திசைக்கு இணையாகப் படிகத்தின் எந்தப் பகுதியில் ஒளி சென்றாலும் இரட்டை விலகல் இராது. மற்றத் திசைகளில் கதிர் இரண்டாகப் பிரியும். கால்சைட்டில் இரண்டு முதன்மை ஒளிவிலகல் எண்கள் 1.658, 1.486.

கேள்வி: கல்லூரி இயக்கவியலில் ஒரு திண்மப் பொருளுக்கு மூன்று முதன்மை அச்சுகள் என்று வருகிறது. லென்ஸுக்கு ஒன்று, இதற்கு ஏன் மூன்று?

இரண்டிலும் அச்சைத் தீர்மானிப்பது பொருளின் அமைப்புதான், ஆனால் கேட்கும் கேள்வி வேறு. இங்கே கேள்வி இது: பொருளை எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் அதன் கோண உந்தமும் (சுழற்சிக்குரிய உந்தம்) அதே கோட்டின் வழியே இருக்கும்?

தன்னிச்சையாக ஒரு கோட்டைத் தேர்ந்தால் பொதுவாக அப்படி இருக்காது. கோண உந்தம் சுழலும் கோட்டிலிருந்து சாய்ந்து நிற்கும். பொருள் சுழலச் சுழல அந்தச் சாய்ந்த உந்தமும் கூடவே கூம்பு வடிவில் சுற்றும். உந்தத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்க ஒரு திருப்பு விசை வேண்டும், அதைத் தாங்கிகள்தாம் கொடுத்தாக வேண்டும். அதிர்வும் தேய்மானமும் அங்கிருந்து வருகின்றன. உந்தமும் சுழற்சியும் ஒரே கோட்டில் அமையும் திசைகளே முதன்மை அச்சுகள். எவ்வளவு கோணல்மாணலான பொருளானாலும் அதன் நிறை மையம் வழியாக ஒன்றுக்கொன்று செங்குத்தான அத்தகைய மூன்று கோடுகள் கட்டாயம் உண்டு. இதை 1755இல் காட்டியவர் யோகான் ஆந்திரேயாஸ் செக்னர். கனசதுரத்துக்கும் கோளத்துக்கும் நிறை மையம் வழியாகப் போகும் எந்தக் கோடும் முதன்மை அச்சுதான்.

எல்லாவற்றுக்கும் அணிக்கோவை போட்டுக் கணக்கிட வேண்டியதில்லை. பொருளைச் சம பாதிகளாகக் காட்டும் ஒரு சமச்சீர்த் தளம் இருந்தால், அதற்குச் செங்குத்தாக நிறை மையம் வழியாகப் போகும் கோடு ஒரு முதன்மை அச்சு. சுற்றிப் பார்த்தால் ஒரேமாதிரித் தெரியும் அச்சு இருந்தால் அதுவும் அப்படியே. லென்ஸின் ஒளியியல் முதன்மை அச்சு, அந்தக் கண்ணாடித் துண்டு வட்டமாகவும் மையம் பிசகாமலும் வெட்டப்பட்டிருந்தால், அதன் சுழற்சி முதன்மை அச்சாகவும் இருப்பது இதனால்தான்.

மூன்றும் ஒரே தன்மையுடையவை அல்ல. 24 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்து, திறந்துகொள்ளாமல் ரப்பர் பேண்ட் போடுங்கள். நீள அச்சு, அகல அச்சு, தடிமன் அச்சு ஆகியவற்றைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறன்கள் (சுழற்சி மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு) 265 : 585 : 832 என்ற விகிதத்தில் இருக்கும். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் சுற்றிச் சுழற்றி மேலே எறிந்தால் புத்தகம் ஒழுங்காகச் சுழன்று கைக்கு வரும். நடு மதிப்புள்ள அகல அச்சைச் சுற்றி எறிந்தால், எவ்வளவு கவனமாக எறிந்தாலும் நடுவானில் அரைப் புரளல் புரண்டு முன்பின் அட்டைகள் இடம் மாறி வரும். நடு அச்சில் சிறு பிசகு தானாகவே பெருகும் என்பதே காரணம். 1985இல் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ் எடையற்ற நிலையில் ஒரு திருகுமரை இப்படி விட்டுவிட்டுப் புரள்வதைக் கண்டார்.

மிகச் சிறிய மதிப்புள்ள அச்சும் முழுக்கப் பாதுகாப்பானது அல்ல. பொருளுக்குள் ஏதாவது நெளிந்து ஆற்றலை வெப்பமாக இழந்தால், சுழற்சி மெல்ல மெல்ல மிகப் பெரிய மதிப்புள்ள அச்சுக்கு மாறிவிடும். 1958இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோள் பென்சில் போன்ற வடிவில் நீள அச்சைச் சுற்றிச் சுழல விடப்பட்டது. வளையும் கம்பி ஆன்டெனாக்கள் ஆற்றலைத் தின்றதால் அது சீக்கிரமே குட்டிக்கரணம் போடத் தொடங்கியது.

கேள்வி: வண்டிச் சக்கரத்தைச் சமன்படுத்தும்போது இரண்டு ஓரங்களிலும் எடை வைக்கிறார்கள். கனமான இடத்துக்கு எதிரே ஒன்று வைத்தால் போதாதா?

போதாது. ஒரு எடையால் நிறை மையத்தைச் சுழல் அச்சுக்குக் கொண்டுவரலாம், சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் முதன்மை அச்சு சுழல் அச்சோடு பொருந்தியிருக்கும் என்ற உறுதி இல்லை. உள் ஓரத்தில் மேலே 20 கிராம், வெளி ஓரத்தில் கீழே 20 கிராம் மிகை எடை இருப்பதாகக் கொள்ளுங்கள். நிறை மையம் துல்லியமாக நடுவில். இருந்தும், எடைகள் 20 செ.மீ. ஆரத்திலும் ஒன்றுக்கொன்று 18 செ.மீ. இடைவெளியிலும் இருந்தால், 30 செ.மீ. ஆரமுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நியூட்டன் விசையால் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். சேர்ந்து 4 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை, வினாடிக்கு கிட்டத்தட்ட 12 முறை திசை மாறி மாறி வந்து ஸ்டியரிங்கை ஆட்டும். இதை நீக்க இரண்டு தளங்களில் எடை வைத்தே ஆக வேண்டும். சக்கரத்தை ஓடவிட்டு அளக்காமல் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கேள்வி: "முதன்மைத் தகைவு அச்சு" என்பதை வீட்டிலேயே காட்ட வழி இருக்கிறதா?

தகைவு என்பது பொருளுக்குள் ஒரு பரப்பலகின் மேல் செயல்படும் விசை. இதைக் காட்ட ஒரு முழுச் சாக்கட்டி போதும். இரண்டு முனைகளையும் பிடித்து வளைத்து உடைத்தால் வெட்டு நேர்குறுக்காக இருக்கும். இன்னொன்றை வளைக்காமல், துணி பிழிவதுபோல முறுக்கி மட்டும் உடையுங்கள். உடைந்த முகம் நீள அச்சுக்கு ஏறக்குறைய 45 டிகிரியில் சுருளாகத் திரும்பியிருக்கும். முறுக்கும்போது பரப்பில் இழுவிசை மிகுதியாக இருக்கும் திசை, அதாவது முதன்மைத் தகைவு அச்சு, 45 டிகிரியில் கிடக்கிறது. சாக்கட்டி இழுவைக்கு எளிதில் இணங்கும் பொருள் ஆதலால் அந்தத் திசைக்குச் செங்குத்தாகப் பிளக்கிறது. முறுக்கும்போது கொஞ்சம் வளைத்துவிட்டாலும் சுருள் சரியாக வராது. இரண்டு கைகளின் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.